கரும்பலகையின் மேல் பாதி

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் செங்கோண முக்கோணத்தைப் பற்றி எழுதக் கையைத் தூக்கினேன். வலது கக்கத்தில் ‘டர்ர்’ என்று ஒரு சத்தம்.

சின்னச் சத்தம்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் பழைய காலத்துக் கட்டடம். கூரை மண்டபம் மாதிரி உயரத்தில் இருக்கும். சாக்பீஸ் விழுந்தால்கூட அடுத்த வகுப்பில் திரும்பிப் பார்ப்பார்கள். தூக்கிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ‘கர்ணத்தின் வர்க்கம்’ என்பதில் ‘வர்’ வரைக்கும் எழுதி நின்றுவிட்டேன்.

அவ்வளவு உயரத்தில் எழுத எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. பலகையின் கீழ்ப் பாதியில் முந்தின பீரியடு சரித்திர டீச்சர் வரைந்த படம் இருந்தது. சுற்றிலும் கட்டம் போட்டு ‘அழிக்க வேண்டாம்’ என்று வேறு எழுதியிருந்தார். மேல் பாதி மட்டும் கறுகறுவென்று, சுண்ணாம்புத் தடமே படாமல், நேற்று வாங்கி மாட்டியதுபோல இருந்தது. அது ஏன் எப்போதும் அப்படியே இருக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை, திகைப்பில்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

“உள்பக்கமா குத்துங்க டீச்சர். வெளிய குத்துனா கையக் கீறிரும்.”

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று போதாவிட்டால் உதவட்டும் என்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் பிறந்த ஒவ்வொருத்தியும் வளையலிலோ தாலிக்கொடியிலோ ஓர் ஊக்கோடுதான் நடமாடுகிறாள். டெய்லர் செய்யப்போகிற தப்புக்கு இவள் முன்கூட்டியே தயார். தப்பைச் செய்கிறவர் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்போது நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, பிரசவத்துக்குப் போன ஒரு டீச்சரின் இடத்தில் தற்காலிகமாக வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் வேலைக்குக் காத்திருந்த நாளில் தையல் பரீட்சையும் எழுதித் தேறியிருந்தேன். இரண்டு படிப்பும் அந்தக் கக்கத்தில்தான் முதன்முதலாக ஒன்று சேர்ந்தன.

முகம் பார்க்காத மாஸ்டர்

எங்கள் ஊரில் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவர் ஆறுமுகம் மாஸ்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவர் கடை. புளியங்குடியிலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து அவரிடம் துணி கொடுப்பார்கள்.

அவர் தையலைப் பற்றி யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. “இத்தனை வருசமா தைக்கக் குடுக்கேன், ஒரு நாள் நிமிந்து முகத்தைப் பாத்ததில்ல” என்றுதான் சொல்வார்கள். அதுதான் அவருடைய பட்டம், பதக்கம் எல்லாம். உண்மையிலேயே நல்ல மனிதர். ஆனால் முகத்தையும் பார்க்காமல், தோளையும் பார்க்காமல், கையின் பருமனையும் பார்க்காமல் ஒரு மனுஷிக்குச் சட்டை தைப்பது, சுவரைப் பார்த்துக்கொண்டே சவரம் செய்துவிடுவதுபோல. ரத்தம் வருவது நமக்கு.

அவர் அளவெடுப்பதில்லை. அளவெடுப்பது மரியாதை இல்லை. அதனால் நாம் ஒரு ‘அளவு ஜாக்கெட்’ கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிற பழைய ஜாக்கெட். அதை மேஜையில் விரித்து, சாண் போட்டுப் பார்த்து, அதே மாதிரி புதிதாகத் தைத்துவிடுவார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. என் அளவு ஜாக்கெட் என் அக்காவினுடையது. புளியங்குடியில் வாழ்க்கைப்பட்ட அக்கா, கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது. அது எதை வைத்துத் தைக்கப்பட்டது என்று விசாரித்தால், அம்மாவின் ஜாக்கெட் ஒன்றை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து. அம்மாவின் ஜாக்கெட்டோ அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், அத்தையின் சட்டையைப் பார்த்து வெட்டியது. ஆக, நான் சுவாசித்துக்கொண்டிருந்தது என் அத்தையின் இளமைக்கால மார்பளவுக்குள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் உடம்பின்மேலும் டேப்பு பட்டதே இல்லை. சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற வழக்கமும் எங்களிடம் கிடையாது.

சரியில்லை என்று மாஸ்டரிடம் சொல்லப் போனால் அதற்கும் பதில் தயார். இறுக்கமாக இருக்கிறதா? “உடம்பு வச்சிருக்கே தாயி.” தொளதொளவென்றிருக்கிறதா? “இனி உடம்பு வைக்கும் தாயி.” கடையில் கண்ணாடி கிடையாது. வாசல் தாண்டும்போது குற்றவாளி நம் உடம்புதான் என்று நமக்கே நிச்சயமாகிவிடும்.

இப்படித் தைத்த சட்டையில் கை காதுக்கு மேல் போகாது. அதனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கென்று ஓர் உயரம் இருந்தது. பரணில் இருக்கிற பாத்திரத்தை ஆம்பளைதான் எடுக்க வேண்டும். உயரக் கொடியில் துணி காயப்போடக் கம்பு வேண்டும். இதெல்லாம் பெண்களின் குணம் என்று நானும் நினைத்திருந்தேன். வெறும் கைக்குழி, கை வந்து சட்டையோடு சேருகிற வளையம், அதை ஒருவர் சின்னதாக வெட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ஜிப்பா சொன்ன பாடம்

பிரசவத்துக்குப் போன டீச்சர் திரும்பி வந்ததும் எனக்கு வேலை போயிற்று. அன்றைக்கே அப்பாவின் பழைய ஜிப்பாவை எடுத்துப் பிரித்தேன். அப்பா பருத்தி மண்டியில் குமாஸ்தா. மூட்டைகளின் மேல் கை போட்டு, உயரத்தில் கிடக்கும் தராசைப் பிடித்து இழுத்து, நாள் முழுக்கக் கையை வீசிக்கொண்டிருக்கிறவர். அவர் ஜிப்பா கிழிந்து நான் பார்த்ததே இல்லை.

கக்கத்தில் இருந்தது ரகசியம். நான்கு மூலையாக ஒரு துண்டுத் துணி. கையைத் தூக்கினால் அது விரிகிறது, இறக்கினால் மடிகிறது. உள்ளங்கை அளவு துணி. எத்தனையோ காலமாக ஜிப்பாவில் இருக்கிறது. ஆண்களுக்குக் கையைத் தூக்க வேண்டியிருக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அதே துண்டை வைத்து அம்மாவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்தேன். டேப்பைச் சுற்றியபோது அம்மா கூச்சத்தில் நெளிந்து, சிரித்து, கடைசியில் ஒரு தடவை திட்டினாள். போட்டுப் பார்த்தாள். நேராக அடுக்களைக்குப் போய் எக்கி, பரணிலிருந்த முறுக்கு டின்னை ஒற்றைக் கையால் எடுத்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கையோடு பார்த்தார். அந்த டின் இத்தனை வருஷமாக அவருடைய பொறுப்பில் இருந்தது.

அந்தச் சூட்டோடு கடை கேட்டேன். மாஸ்டர் கடைக்கு எதிர்வரிசையில், சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஓர் அறை சும்மா கிடந்தது. அப்பா கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைகிறவரை யோசித்தார். பிறகு ஒரு நாள் சொன்னார்:

“ஏட்டி, தீபாவளி வரைக்கும் பாப்போம். தீபாவளித் துணிகூட ஒன் கடைக்கு வரலைன்னா பூட்டிட்டு, ராயகிரிக்காரங்களுக்கு சரின்னு சொல்லிரணும். அதுக்குப் பொறவு மூச்சு விடக் கூடாது.”

ராயகிரிக்காரர்கள் என்றால் எனக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீடு. அவர்களுக்கும் தரக் கட்டுப்பாடு உண்டு. பெண் படித்திருக்க வேண்டும், படித்தது பேச்சில் தெரியக் கூடாது. தையல் தெரிந்திருக்க வேண்டும், வெளியாளுக்குத் தைக்கக் கூடாது. என் தையலைச் சோதிக்க மாப்பிள்ளையின் அம்மா ஒரு துணியும் கொடுத்தனுப்பியிருந்தார், கூடவே அளவு ஜாக்கெட்டோடு. நேரில் வந்தால்தான் தைக்க முடியும் என்று இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தச் செய்தி ராயகிரி போய்ச் சேருவதற்கு முன்பே அப்பாவின் இரத்தக் கொதிப்பு உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மணி அடிக்கும் கடை

கடை வாசலில் தகரப் பலகை மாட்டினேன். ‘கோமதி லேடீஸ் டெய்லர்.’ எங்கள் ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் எந்தக் கோமதி என்று தெரிய, கீழே பி.எஸ்ஸி. என்று போட்டேன். அதற்கும் கீழே விதிகள். அளவு ஜாக்கெட் வாங்கப்படாது. டேப்பு வைத்துத்தான் அளவு. சொன்ன தேதியில் துணி கிடைக்கும். மதியம் ஒன்று முதல் மூன்று வரை கடை அடைப்பு.

இன்னொரு விதி பலகையில் இல்லை. உள்ளே, மறைப்புத் துணிக்குப் பின்னால், சுவரில் உயரமாக ஒரு மணி தொங்கவிட்டிருந்தேன். தைத்ததைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி அந்த மணியை அடிக்க வேண்டும். மணி அடித்தால்தான் துணியை வீட்டுக்குக் கொடுப்பேன். அடிக்க முடியாவிட்டால் பிரித்து மறுபடி தைப்பேன், அது என் செலவு.

இதைவிட நியாயமான கடை உண்டா என்று நினைத்தேன். ஊர் வேறு மாதிரி நினைத்தது.

மணிச் சத்தம் கேட்டால் எதிர்க்கடையிலிருந்து மாஸ்டர், “பூசை ஆரம்பிச்சாச்சா தாயி?” என்பார். டேப்பு வைப்பதைப் பற்றி, போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் எடுப்பதுபோல எடுக்கிறாள் என்று பேச்சு. தேதி சொல்லி அதே தேதியில் கொடுத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பாகிப் போயிற்று. மாஸ்டர் நான்கு நடை நடக்க வைத்துக் கொடுத்தால் அவருக்கு அவ்வளவு கிராக்கி. நான் சொன்ன நாளில் கொடுத்தால், எனக்கு வேறு வேலையே வரவில்லை.

அந்த இரண்டு மணி நேர அடைப்புதான் ஊர் வாயில் நன்றாக அரைபட்டது.

தையல் மிஷினில் காலை முதல் மிதித்தால் பாதம் வீங்கிவிடும். குனிந்து வெட்டினால் இடுப்பு கழன்றுவிடும். ஆகவே ஒன்று அடித்ததும் கதவைச் சாத்தி, சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவேன். பிறகு ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கை உப்பு. காலை உள்ளே வைத்துக்கொண்டு ரேடியோ. கடைசியில் துணி வெட்டும் மேஜையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் அந்த மர்மம்.

எதிரே மாஸ்டரும் அதே நேரத்தில் படுத்திருப்பார். அவர் கதவைச் சாத்துவதில்லை. பெஞ்சில் மல்லாந்து, வாய் திறந்து, வேட்டி ஒரு பக்கம் ஒதுங்க, நாலு மணி வரை. போகிறவர் வருகிறவரெல்லாம் மெதுவாக நடப்பார்கள். “பாவம், உழைச்ச கட்டை” என்பார்கள். பிறகு இந்தப் பக்கம் திரும்பிச் சாத்திய கதவைப் பார்ப்பார்கள். பொம்பளைக்குப் பகலில் என்ன படுக்கை, உள்ளே என்ன செய்கிறாளோ, என்று தொடங்குவார்கள். உரக்கடைக்காரர் ஒருமுறை அப்பாவிடமே கேட்டுவிட்டார், பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது சுகமில்லையா என்று. உடம்புக்குச் சுகமில்லாமல் போகக் கூடாது என்றுதான் படுக்கிறேன் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

புரட்டாசி வந்தது. என் கடைக்கு வந்து சேர்ந்தது இரண்டு தலையணை உறையும், ஒரு குழந்தையின் கவுனும், நிறைய அபிப்பிராயமும்.

ஸ்டூல் மேல் சரித்திரம்

அந்தச் சமயம் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் நடந்தது. வந்த அதிகாரி எழுதிவைத்துப் போனதை எனக்குச் சொன்னவள் கிரேஸ் டீச்சர். நான் அங்கே இருந்தபோது எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி. கல்லூரியில் வாலிபால் ஆடியவள், நல்ல உயரம்.

“ஏட்டி கோமதி, என்ன எழுதிருக்கார்னு கேளு. ‘ஆசிரியைகள் கரும்பலகையின் மேற்பகுதியைப் பயன்படுத்துவதில்லை. சோம்பல் காரணமாக இருக்கலாம்.’ எல்லாருக்கும் சேத்து ஒரே வரி.”

தலைமையாசிரியை ஞானசெல்வம் டீச்சருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. கண்டிப்பான மனுஷி. சோம்பல் என்ற சொல்லை அவர் மற்றவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் அதிகாரி மறுபடி வருகிறார் என்றதும், வகுப்புக்கு ஒரு ஸ்டூல் போட்டு எல்லா டீச்சர்களையும் ஏறி எழுதச் சொன்னார். சரித்திர டீச்சர் பானிப்பட்டுப் போரின் நடுவில் ஸ்டூலோடு சரிந்தார்.

நான் ஓடினேன். ஆசிரியைகள் அறையில் எல்லாரும் இருக்கும்போது, “டீச்சர், சோம்பல் இல்ல. எல்லாரும் கொஞ்சம் கையத் தூக்குங்க” என்றேன்.

தூக்கினார்கள். ஒருவர் கையும் காதைத் தாண்டவில்லை. பிரார்த்தனையில் பாதியில் நிறுத்தியதுபோல எல்லாரும் நின்றார்கள். கிரேஸ் முதலில் சிரித்தாள். பிறகு அந்த அறையில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு. தலைமையாசிரியை மட்டும் கையைத் தூக்கவில்லை.

அன்றைக்கு என் கணக்கு இதுதான். இந்த டீச்சர்கள் வந்தால் கடை ஓடும். கடை ஓடினால் ராயகிரி இல்லை. எல்லாரும் புது ஜாக்கெட் தைத்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியையும் அங்கேயே முடிவு செய்துவிட்டார். மனதுக்குள் ஜிப்பாத் துண்டுகளை வெட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் பியூன் ஒரு பை நிறையத் துணி கொண்டுவந்தார். கூடவே இன்னொரு பை. அதில் ஒவ்வொரு டீச்சரின் பெயரும் எழுதிய சீட்டு குத்தி, அளவு ஜாக்கெட்டுகள்.

நான் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். ஞானசெல்வம் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஒன் அம்மா வயசு எனக்கு. என்னை நிறுத்தி வச்சு டேப்பு சுத்தணுங்கியா? அளவு சட்டைய வச்சே தைக்கதுக்கு என்ன?”

“அதை வச்சுத் தச்சா அதே கைதான் டீச்சர் வரும்.”

“அப்போ ஒனக்கு வேண்டாம்னு சொல்லுத.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. பியூன் என் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டு நேராக மாஸ்டர் கடைக்குப் போனார். பின்னாலேயே நடந்து வந்த என் கண் முன்னால் என் தீபாவளி தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்தது.

அன்று ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினேன். உப்புத் தண்ணீரில் காலை வைத்தேன். வேலையே இல்லாத காலுக்கு எதற்கு ஒத்தடம் என்று எனக்கே கோபமாக வந்தது. இருந்தாலும் எடுக்கவில்லை.

வந்தது கிரேஸ் ஒருத்திதான். டேப்பு வைக்கும்போது கிச்சுக்கிச்சு மூட்டுகிறாய் என்று கத்தினாள். தைத்ததைப் போட்டு மணியை அடித்த அடியில் அது கொக்கியோடு கையில் வந்துவிட்டது.

“இது ஜாக்கெட்டா ஜிப்பாவா தாயி?” என்று மாஸ்டர் அங்கிருந்தே கேட்டார்.

கழுத்து வலி

அதிகாரி மறுபடி வந்தார். டீச்சர்கள் மாஸ்டர் தைத்த புத்தம் புது ஜாக்கெட்டுகளில், பழைய உயரத்துக்கே கையைத் தூக்கி, ஸ்டூலில் ஏறி நின்று எழுதினார்கள். கிரேஸ் மட்டும் தரையில் நின்று, பலகையின் உச்சிவரை எட்டி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு நீளச் சமன்பாட்டை எழுதித் தள்ளினாள். நான் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பலகையின் மேல் பாதிக்கு அன்றுதான் பூப்பு நீராட்டு.

இனி எல்லாரும் என் கடைக்கு வந்துவிடுவார்கள் என்று வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுச் சொல்வதில் எனக்கு என்றைக்கும் குறை இல்லை.

சாயங்காலம் கிரேஸ் வந்தாள். சைக்கிளைச் சாத்தாமல் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

“சொல்லுதேன் கேளு. ஸ்டூலுக்கு, ‘வகுப்பறையில் தேவையற்ற மரச்சாமான்கள்.’ எனக்கு என்ன தெரியுமா? ‘கணக்கு ஆசிரியை பலகையின் மேற்பகுதியில் எழுதுகிறார். மாணவிகளுக்குக் கழுத்து வலி ஏற்படலாம். ஆசிரியையின் தோரணையில் அடக்கம் போதாது.’ ”

“தமிழ் ஐயாவுக்கு?” அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஆண் வாத்தியார் அவர்தான்.

“அவரும் அங்கனதான எழுதினாரு. ‘கரும்பலகையை முழுமையாகப் பயன்படுத்தும் திறன் பாராட்டத்தக்கது.’ ”

அதே பலகை. அதே உயரம். அதே மாணவிகளின் அதே கழுத்து. தமிழ் ஐயா எழுதும்போது மட்டும் அந்தக் கழுத்துகள் வலிக்காத கழுத்துகளாக மாறிவிடுகின்றன. உடலியல் படித்தவர்கள் இதை ஆராய வேண்டும்.

கிரேஸ் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழே எழுதினால் சோம்பல். ஏறி எழுதினால் மரச்சாமான். எட்டி எழுதினால் அடக்கமில்லை. நான் கக்கத்தில் துண்டு வைத்துத் தைத்தது ஒரு கேள்விக்குப் பதில் என்று நினைத்திருந்தேன். கேள்வியே மாறிக்கொண்டிருந்தால் எந்தத் துண்டை எங்கே வைப்பது? அன்று வீட்டில் அப்பா ராயகிரிக்குப் போக நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது

மறுநாள் சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூடம் அரை நாள்தான். கால் வாளியில். யாரோ கதவைத் தட்டினார்கள்.

“மூணு மணிக்குத்தான் தொறப்பேன்” என்றேன், உள்ளே இருந்தபடியே.

“தெரியும். போர்டு படிச்சேன். ஞானசெல்வம்.”

எனக்கு வாளியிலிருந்த தண்ணீர் சில்லிட்டுப்போயிற்று. இவருக்குத் திறந்தால் நாளைக்கு மற்றவர்களுக்கும் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கடைசி வாய்ப்பும் வெயிலில் நிற்கிறது.

“அளவெடுக்க மூணு மணி ஆவும் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே ஈரக் காலோடு போய்த் திறந்தேன். “அதுவரைக்கும் சும்மா இருக்கதுன்னா இருங்க.”

அவர் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார். தரையில் ஈரத் தடம், வாளி, ரேடியோ, மேஜையில் தலையணை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊர் இத்தனை நாளாக யூகித்ததையெல்லாம் நேரில் கண்டவர் அவர்தான்.

“இன்னொரு வாளி இருக்கா?” என்றார்.

இருந்தது. செருப்பைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கி, காலை உள்ளே வைத்தார். காலையிலிருந்து நின்று பாடம் எடுத்த கால். ஒரு பெருமூச்சு வந்தது. அதற்கே அவர் ஜாக்கெட்டில் ஒரு கொக்கி முனகியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு பாட்டுக்கு நடுவில் சொன்னார்:

“எப்பிடி எழுதுனாலும் அவங்க குறைதான் எழுதப் போறாங்க மக்கா. கை வலிக்காமயாவது எழுதிட்டுப் போவோம்.”

மூன்று மணிக்கு எழுந்து, மறைப்புக்குப் பின்னால் போய், தானாகவே இரண்டு கையையும் அகல விரித்து நின்றார். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் டீச்சர்கள் வந்தார்கள். அளவு ஜாக்கெட் யார் கையிலும் இல்லை, தீபாவளித் துணி இருந்தது. டீச்சர்களைப் பார்த்து அவர்களிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள். ராயகிரிக்குப் புறப்பட்டுப் போகிற வழியில் அப்பா கடை வாசலில் நின்று பார்த்தார். மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ராயகிரியில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது கேட்டது: “பிள்ளைக்குக் கையில வேல கெடக்கு, இப்பம் பேச வேண்டாம்னுட்டேன்.” கடை ஓடுவதற்குக் காரணம் எதிர்த்தாற்போல மாஸ்டர் கடை இருக்கிற ராசி என்று உரக்கடைக்காரர் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஞானசெல்வம் டீச்சர் துணி வாங்க வந்தார். மறைப்புக்குப் பின்னால் மணி ஒரே ஒரு தடவை, மரியாதையாக அடித்தது. வெளியே வந்தவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பள்ளிக்கூடச் சாவியைத் தேடினார். கைக்குட்டை இடுப்பில் செருகியிருந்தது. சில்லறை கைக்குட்டையின் முடிச்சில். சாக்பீஸ் கையில். கண்ணாடிக் கூடு கக்கத்தில், நான் அத்தனை பாடுபட்டு விடுதலை செய்த அதே கக்கத்தில், இடுக்கப்பட்டிருந்தது.

“கை தூக்கலாம், சரி” என்றார். “கையில இருக்கதை எங்கன வைக்க? இவ்வளவு செஞ்ச நீ, ஒரு பை வைக்கக் கூடாதா?”

பொம்பளை உடுப்பில் பையா? எதிர்க்கடையில் மாஸ்டர் ஓர் ஆம்பளைச் சட்டைக்குப் பை தைத்துக்கொண்டிருந்தார். கேட்டுப் பார்த்தேன்.

“பொம்பளைக்குப் பை எதுக்கு தாயி? வைக்கதுக்கு அவகிட்ட என்ன இருக்கு?” என்றார், நிமிராமலே.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது. உள்பாவாடையின் வலது பக்கத் தையலைப் பிரித்து, கை நுழைகிற அளவுக்கு வாய் விட்டு, உள்ளே முரட்டுக் காடாத் துணியில் ஆழமாக ஒரு பை வெட்டினேன். எடை தாங்குமா, நடந்தால் காலில் இடிக்குமா, புடவை மடிப்புக்குள் கை போகுமா, ஒன்றும் தெரியாது. முதல் பாவாடை எனக்குத்தான். மறுநாள் காலையில் அதைக் கட்டிக்கொண்டு, சாவி, டேப்பு, சில்லறை, இரண்டு எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் உள்ளே போட்டு, கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்து பார்ப்பதாக இருந்தேன்.